காப்பீட்டுத் தாளில் இல்லாத சக்கரங்கள்

கேள்வி: டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில் வசிக்கிறேன், வயது 33. வங்கித் தவணையில் வாங்கிய போலோ காருக்கு முழுக் காப்பீடு வைத்திருக்கிறேன். மாத பிரீமியம் 1,480 ரேண்ட். இரண்டு ஆண்டுகளில் மேக் (அலாய்) சக்கரங்கள், காரைத் தாழ்த்தும் ஸ்பிரிங்குகள், சவுண்ட் சிஸ்டம், எக்ஸாஸ்ட், இஞ்சின் டியூனிங் என்று 88,000 ரேண்ட் செலவழித்தேன். அதில் 60,000 தனிநபர் கடன். எல்லா வேலையையும் என் மனைவியின் அண்ணன்தான் தன் வீட்டு கராஜில் செய்துகொடுத்தார். புனித வெள்ளியன்று மவுண்ட் எட்ஜ்கோம் மாரியம்மன் கோவிலிலிருந்து திரும்பும்போது, முன்னால் போன பக்கியின் (சிறிய சரக்கு வண்டி) மீது மோதிவிட்டேன்; சக்கரமும் உடைந்துபோனது. கம்பெனிச் சக்கரத்துக்கு உரிய தொகையை மட்டுமே தர முடியும் என்கிறது காப்பீட்டு நிறுவனம். இஞ்சினில் மாற்றம் செய்தீர்களா என்று எழுத்தில் பதிலும் கேட்கிறது. டியூனிங்கைப் பழையபடி ஆக்கித் தருகிறேன், "இல்லை" என்று எழுதிவிடுங்கள் என்கிறார் மச்சான். இன்னொரு 45,000 கடன் எடுத்தால் இன்னும் நல்ல சக்கரம் போடலாம் என்றும் சொல்கிறார். கார் விற்றவர்களோ மாதம் 199 ரேண்டுக்கு டயர்-ரிம் பாலிசி எடுக்கச் சொல்கிறார்கள். நான் என்ன செய்வது?

பதில்: நீங்கள் அனுப்பிய காப்பீட்டுத் தாளின் இரண்டாம் பக்கத்தில், "கூடுதல் உதிரிகள்" என்ற கட்டத்துக்கு எதிரே "இல்லை" என்று அச்சாகியிருக்கிறது. இரண்டு முறை பாலிசி புதுப்பிக்கப்பட்டபோதும் அந்தக் கட்டம் மாறவில்லை. நிறுவனம் எந்தக் காரைக் காப்பதாக ஒப்புக்கொண்டு பிரீமியம் வாங்கியதோ, அந்தக் கார் தொழிற்சாலையிலிருந்து வந்த அதே போலோ. 18 அங்குல மேக் சக்கரம் அந்தக் கணக்கில் ஒருநாளும் இருந்ததில்லை. சக்கரத்தைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது நியாயம்தான் என்பதால், அதற்காக வாதாடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

உங்களுக்கு உண்மையான ஆபத்து இருப்பது இஞ்சினைப் பற்றிய அந்தக் கேள்வியில். 1998ஆம் ஆண்டின் குறுங்காலக் காப்பீட்டுச் சட்டத்தின் 53ஆம் பிரிவின்படி, தவறான தகவல் தரப்பட்டது என்ற ஒரே காரணத்துக்காக நிறுவனம் பாலிசியைச் செல்லாது என்றுவிட முடியாது. ஆபத்தை மதிப்பிடுவதை அந்தத் தகவல் கணிசமாகப் பாதித்திருக்க வேண்டும். சவுண்ட் சிஸ்டத்தை அப்படிச் சொல்வது கடினம். ஆனால் காரின் வேகத்தையும் இழுவையையும் கூட்டும் டியூனிங்கை எந்த நிதானமான மனிதரும் முக்கியமான தகவல் என்றுதான் சொல்வார். போதாததற்கு, மாற்றங்களைத் தெரிவிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உங்கள் பாலிசியில் தெளிவாக இருக்கிறது.

நீங்கள் அனுப்பிய மதிப்பீட்டின்படி உங்கள் காருக்கு 82,000 ரேண்ட் ஆகும், பக்கிக்கு 46,000 ஆகும். இழப்பீட்டுக் கோரிக்கை முழுவதும் நிராகரிக்கப்பட்டால் 1,28,000 ரேண்டும் உங்கள் தலையில் விழும். நம் நாட்டின் சாலை விபத்து நிதியம் உடற்காயத்துக்கும் உயிரிழப்புக்கும்தான் ஈடு தரும்; நொறுங்கிய வண்டிக்குத் தராது. ஆகவே பக்கிக்காரர் நேராக உங்களிடம்தான் வருவார். தவணை முடியும்வரை காரின் உரிமை வங்கியிடமே இருப்பதால், கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அந்தத் தவணையையும் நீங்கள் கட்டியாக வேண்டும்.

மச்சான் சொல்லும் யோசனையைத் தயவுசெய்து ஏற்காதீர்கள். பல புதிய கார்களில், டியூனிங்குக்காக இஞ்சின் கணினியின் நிரல் எத்தனை முறை திருத்தி எழுதப்பட்டது என்பது அந்தக் கணினியிலேயே பதிவாகியிருக்கும். மதிப்பீட்டாளரால் அதைப் படித்துப் பார்க்க முடியும். இதுவரை உங்கள் மேல் இருப்பது சொல்லாமல் விட்ட குறை மட்டுமே. "இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட கணத்தில் அது மோசடியாகிவிடும், பிறகு சக்கரம், பம்பர், பக்கி எதற்கும் ஒரு சென்ட் வராது. நாளை எந்த நிறுவனத்திடம் போனாலும், முன்பு உங்கள் பாலிசி ரத்தானதா என்று விண்ணப்பத்திலேயே கேட்பார்கள்.

டியூனிங் எப்போது செய்யப்பட்டது, யார் செய்தார் என்பதை உள்ளபடி எழுதுங்கள். விபத்து நெரிசலில் மெதுவாகப் போகும்போது நடந்தது என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். அதையும், டாஷ்கேம் பதிவு இருந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள். நிராகரித்தால், அதை எதிர்த்து முறையிட நிறுவனம் உங்களுக்குக் குறைந்தது 90 நாள் தர வேண்டும். அதன் பிறகும் தீராவிட்டால், நிதி நிறுவனங்கள் மீதான புகார்களை விசாரிக்கும் தேசிய நிதி ஆம்பட் திட்டத்திடம் (National Financial Ombud Scheme) போகலாம். 2024 மார்ச் 1 முதல் இயங்கும் இந்த அமைப்பு பாலிசிதாரரிடம் கட்டணம் வாங்குவதில்லை. முழுத் தொகை வரும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் உண்மையைச் சொன்னவருக்குத்தான் அங்கே பேச இடமிருக்கும்.

இனி, இத்தனைக்கும் காரணமான பழக்கத்துக்கு வருகிறேன். கடன் வாங்கி, ரசீது இல்லாமல் உறவினரிடம் வேலை செய்வித்து, அதை யாருக்கும் சொல்லாமல் விடுகிறீர்கள். சக்கரத்துக்கான ஆதாரமாக நீங்கள் அனுப்பியிருப்பது "14,500 வந்தது மச்சான்" என்ற ஒரு வாட்ஸ்அப் வரி. எந்த மதிப்பீட்டாளரும் அதை விலைச்சீட்டாக ஏற்க மாட்டார்.

பிரீமியம் கூடிவிடும் என்ற பயத்தில்தான் சொல்லவில்லை என்கிறீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60,000 ரேண்ட், 24 சதவீத வட்டி, 36 மாதம் என்றால் தவணை ஏறத்தாழ 2,350, மொத்தம் 84,700. சேவைக் கட்டணங்களைச் சேர்க்காமலே, வட்டி மட்டும் 24,700 ரேண்ட். உதிரிகளைப் பட்டியலில் சேர்த்திருந்தால் பிரீமியம் மாதம் 250 ரேண்ட் கூடியிருக்கும் என்றே வைத்துக்கொண்டாலும், அதே 36 மாதத்துக்கு 9,000தான். வட்டியாக 24,700 கொடுக்கத் தயங்காத நீங்கள், காப்புக்கு 9,000 கொடுக்கத் தயங்கியிருக்கிறீர்கள். மச்சான் சொல்லும் 45,000 கடனையும் இதே வட்டியில் எடுத்தால் இன்னொரு 1,765 சேர்ந்து, மாதத் தவணை 4,100ஐத் தாண்டும். உடைந்துபோன சக்கரத்துக்கு இன்னும் கடன் கட்டிக்கொண்டிருக்கும்போதே புதிய சக்கரத்துக்கும் கட்டத் தொடங்குவீர்கள். உங்களுக்குக் குழந்தை பிறந்து ஏழு மாதம்தான் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பணம் வீட்டில் இருக்கட்டும்.

டயர்-ரிம் பாலிசி இப்போது எல்லா ஷோரூமிலும் தள்ளி விற்கப்படும் சரக்கு. சாலைக் குழியில் இறங்கி டயரோ ரிம்மோ பழுதானால், ஒரு சம்பவத்துக்கு இவ்வளவு என்ற வரம்புக்குள் ஏதோ தருவார்கள். வெளியில் வாங்கிப் பூட்டிய சக்கரத்துக்குப் பல பாலிசிகள் தருவதே இல்லை. விபத்துச் சேதம் அதன் கணக்கிலேயே வராது. ஆண்டுக்கு 2,388 ரேண்ட் கொடுத்து அதை வாங்காதீர்கள்.

கோரிக்கை முடிந்ததும், காரில் மிச்சமிருக்கும் ஒவ்வொரு உதிரியையும் விலையோடும் படத்தோடும் பட்டியலிட்டு நிறுவனத்துக்கு அனுப்பி, திருத்திய காப்பீட்டுத் தாளைக் கேட்டு வாங்குங்கள். டியூனிங் இருந்தால் காப்பு தர மாட்டோம் என்றால், முறையான பட்டறையில் அதை நீக்கி ரசீதோடு தெரிவியுங்கள். மச்சானிடம் பகையாகப் பேச வேண்டியதில்லை. "கடன் அடையும்வரை காருக்கு எதுவும் வேண்டாம், அதன் பிறகு செய்தால் பில் போட்டுத்தான்" என்று உங்கள் மனைவியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். நிறுவனம் தரும் கம்பெனிச் சக்கரங்களை வாங்கிப் பூட்டிக்கொண்டு, 2,350 ரேண்ட் தவணை முடியும்வரை அதிலேயே ஓட்டுங்கள்.