டர்போ எஞ்சினின் டீசல் பம்பை டர்போ இல்லாத எஞ்சினில் மாட்டலாமா?

கேள்வி இதுதான்: டர்போ இல்லாத பழைய இண்டிகா வி2 டீசல். பம்ப் தேய்ந்துவிட்டது, காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கிறது. சென்னையின் பழைய வாகன உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் டர்போ இண்டிகோவில் இருந்து கழற்றிய பம்ப் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. அதை மாட்டினால் பிக்கப் கூடுமா?

மாட்டலாம், ஓடும். பிக்கப் கூடாது. கூட வைக்க முயன்றால் எஞ்சின் கெடும். டீசல் பம்ப் வேலை செய்து வருபவன் என்ற முறையில் காரணத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் இதே ஆசையோடு வருகிறவர்கள் நிறையப் பேர்.

இரண்டுமே 1405 சி.சி., 75 மி.மீ. போர் (சிலிண்டர் விட்டம்) கொண்ட ஒரே குடும்பத்து எஞ்சின்கள். டர்போ இல்லாததில் சுமார் 53 குதிரைத்திறன், டர்போ இண்டிகோவில் 60-க்கு மேல். அந்த வித்தியாசம் பம்பில் இருந்து வருகிறது என்று நினைப்பதுதான் குழப்பத்தின் தொடக்கம். வித்தியாசம் காற்றில் இருந்து வருகிறது. டர்போ கூடுதல் காற்றைத் திணிக்கிறது, அதற்கு ஈடாக எவ்வளவு டீசல் கொடுக்கலாம் என்று மட்டும்தான் பம்ப் பார்த்துக்கொள்கிறது.

பாஷ் வி.இ. வகை ரோட்டரி பம்பில் டர்போவுக்கான பம்ப் என்றால் அதன் தலையில் வட்டமான ஒரு மூடி உயர்ந்து நிற்கும், பக்கத்தில் மெல்லிய ஹோஸ் மாட்ட ஒரு முனை இருக்கும். இதை எல்.டி.ஏ. என்பார்கள். உள்ளே ஒரு டயாஃப்ரம், அதன் அடியில் ஒரு ஸ்பிரிங், நடுவில் கீழே இறங்கும் சரிவான ஒரு ஊசி. டர்போ அழுத்தம் வந்தால் டயாஃப்ரம் கீழே இறங்கும், ஊசியும் இறங்கும். ஊசியின் சரிவைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஒரு சின்னப் பின் நகர்ந்து, உள்ளே இருக்கும் லீவருக்கு இன்னும் கொஞ்சம் தூரம் போக இடம் கொடுக்கும். அவ்வளவு டீசல் கூடும். அழுத்தம் வராவிட்டால் ஊசி மேலேயே நிற்கும், டீசல் கூடாது. உங்கள் வண்டியில் அந்த ஹோஸுக்குக் காற்று கொடுக்க டர்போவே இல்லை. ஆகவே அந்தப் பம்ப் உங்களுக்குத் தரப்போவது டர்போ சுழலத் தொடங்கும் முன் கிடைக்கிற அடிப்படை அளவை மட்டும்தான். பழைய பம்ப் நன்றாக இருந்தபோது கொடுத்ததை ஒட்டித்தான் அதுவும் இருக்கும், சில சமயம் அதைவிடக் குறைவாகவும் இருக்கும்.

"மாட்டினேன், வண்டி பறக்கிறது" என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. தேய்ந்து போன ரோட்டர் ஹெட்டை, அதாவது பம்புக்குள் டீசலை அழுத்தித் தள்ளும் பகுதியைக் கழற்றிவிட்டு நல்ல ஹெட் உள்ள பம்பை மாட்டினால் எந்த வண்டியும் பறக்கிற மாதிரிதான் இருக்கும். சொந்தப் பம்பையே சரி செய்து போட்டிருந்தாலும் அதே இழுவைதான் வந்திருக்கும்.

அப்புறம் சில மெக்கானிக்குகள் அதிகபட்ச டீசல் அளவை வைக்கும் பின்பக்க ஃபுல் லோட் ஸ்க்ரூவின் லாக் நட்டைத் தளர்த்தி "டீசலைக் கூட்டி" விடுவார்கள், இல்லாவிட்டால் எல்.டி.ஏ. ஊசியையே திருப்பி வைப்பார்கள். இதில்தான் ஆபத்து. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் எஞ்சினில் ஒரு சிலிண்டர் 351 சி.சி. 35 டிகிரி வெயிலில் ஒரு லிட்டர் காற்று சுமார் 1.15 கிராம் எடை. சிலிண்டர் 85 சதவீதம் நிரம்புகிறது என்று வைத்துக்கொண்டால் ஒரு முறைக்கு உள்ளே வருவது சுமார் 0.34 கிராம் காற்று. ஒரு கிராம் டீசல் முழுவதும் எரிய 14.5 கிராம் காற்று வேண்டும். ஆனால் டீசல் முதலில் ஒரு சின்ன முன் அறையில் பீய்ச்சப்பட்டு எரியத் தொடங்கும் இந்த மாதிரி எஞ்சினில் புகை வராமல் இருக்க 18 கிராம் அளவாவது இருக்க வேண்டும். அப்படியானால் ஒரு முறைக்குச் சுமார் 19 மில்லிகிராம் டீசல். பம்பைச் சுழற்றிச் சோதிக்கும் மெஷினான பெஞ்சில் அளக்கும் கணக்கில் சொன்னால் ஒவ்வொரு லைனிலும் 1000 ஸ்ட்ரோக்குக்கு 23 சி.சி. டர்போ மூன்றில் ஒரு பங்கு கூடுதல் காற்றைக் கொடுத்தால் அது 30 சி.சி. வரை போகலாம். அந்த 30-ஐ டர்போ இல்லாத எஞ்சினுக்குக் கொடுத்தால் காற்று விகிதம் 14-க்கும் கீழே விழும். அதாவது எரிவதற்கே காற்று போதாது. கண்ணாடியில் பின்னால் கறுப்பு மேகம் தெரியும், இழுவை துளிதான் கூடியிருக்கும். இது தோராயக் கணக்கு. பெஞ்சில் செட் செய்யும்போது அந்தப் பம்ப் எண்ணுக்குரிய டெஸ்ட் ஷீட்டைத்தான் பார்க்க வேண்டும்.

பெட்ரோல் வண்டியில் பழகியவர்கள் பெட்ரோல் கூடினால் எஞ்சின் குளிரும் என்பார்கள். டீசலில் நேர்மாறு. டீசல் கூடக் கூட எக்ஸாஸ்ட் வெப்பம் ஏறும். பிஸ்டன் தலையும் முன் அறையும் அதைத் தாங்க வேண்டும். டர்போ எஞ்சின்களில் பிஸ்டனுக்கு அடியில் ஆயில் பீய்ச்சும் ஜெட், கனமான ஹெட் கேஸ்கெட் என்று இதற்காகவே ஏற்பாடுகள் வைப்பது வழக்கம். அவை இல்லாத எஞ்சினில் ஏற்றத்தில் ஆளும் சுமையுமாகக் காலை அழுத்தினால் முதலில் போவது சிலிண்டர் ஹெட்தான். எரியாத டீசல் சிலிண்டர் சுவரைக் கழுவி ஆயிலில் கலப்பது தனிக்கதை. டிப் ஸ்டிக்கை முகர்ந்தாலே தெரிந்துவிடும்.

புகைச் சோதனையையும் மறக்க வேண்டாம். பி.எஸ். 4 மாசு விதிக்கு முந்தைய டீசல் வண்டிக்கு வரம்பு 65 எச்.எஸ்.யூ. (புகையின் அடர்த்தியை அளக்கும் அலகு). ஸ்க்ரூவைத் திருகிய வண்டி அதில் தேறுவது கடினம்.

சரி, சொந்தப் பம்ப் உண்மையிலேயே தேறாது, கையில் கிடைப்பது டர்போ பம்ப் மட்டும்தான் என்றால் என்ன செய்வது? வாங்கும் முன் பம்பின் பக்கவாட்டில் அடித்திருக்கும் தகட்டைத் துடைத்துவிட்டுப் படியுங்கள். "வி.இ. 4/9 எஃப் 2400 ஆர்" என்பது போல ஒரு வரி இருக்கும். 4 என்றால் நான்கு சிலிண்டர், 9 என்றால் பிளஞ்சர் (டீசலை அழுத்தும் தண்டு) விட்டம் 9 மி.மீ., எஃப் என்றால் மெக்கானிக்கல் கவர்னர் (வேகத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி), 2400 என்பது பம்பின் சுழற்சி. பம்ப் எஞ்சினின் பாதி வேகத்தில் சுழலும் என்பதால் எஞ்சின் கணக்கில் அது 4800. கடைசி எழுத்து சுழலும் திசை. உங்கள் பழைய பம்பின் தகட்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். திசை மாறியிருந்தால் பேச்சே இல்லை, விட்டுவிடுங்கள். பிளஞ்சர் விட்டம் மாறியிருந்தாலும் நான் வாங்கச் சொல்ல மாட்டேன். ஷாஃப்ட் முனை, பிராக்கெட் துளைகள், ஹை பிரஷர் பைப்பின் திரெட், டீசலை நிறுத்தும் ஆஃப் சாலினாய்டு எல்லாம் பொருந்துகிறதா என்பதைக் கடையிலேயே பார்த்துவிடலாம்.

அப்புறம் பம்ப் நேராக வண்டிக்குப் போகக் கூடாது, பெஞ்சுக்குப் போக வேண்டும். உங்கள் டர்போ இல்லாத எஞ்சினின் டெஸ்ட் ஷீட்டை வைத்து டீசல் அளவையும் கவர்னர் வெட்டும் வேகத்தையும் செட் செய்யச் சொல்லுங்கள். எல்.டி.ஏ. ஹோஸ் முனையை இறுக்கி அடைக்க வேண்டாம். சின்ன ஹோஸ் போட்டு வாயைக் கீழ்நோக்கித் திருப்பி விட்டால் தூசி போகாது. நாசில்களையும் அதே நாளில் பார்த்துவிடுங்கள். டர்போ எஞ்சினில் நாசில் திறக்கும் அழுத்தம் கூடுதலாக வைத்திருப்பார்கள். உங்கள் எஞ்சினுக்கு உங்கள் எஞ்சினின் அழுத்தம்தான் வேண்டும்.

மாட்டும்போது நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் பேஞ்சோ போல்ட், அதாவது டீசல் உள்ளே ஓடும் துளை போட்ட போல்ட். டீசல் உள்ளே வரும் போல்ட்டும் டேங்குக்குத் திரும்பும் போல்ட்டும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். திரும்பும் போல்ட்டின் தலையில் ஆங்கிலத்தில் அவுட் என்று பொறித்திருக்கும், உள்ளே குண்டூசி போகும் அளவு ஒரு துளை மட்டும் இருக்கும். அந்தச் சின்னத் துளைதான் பம்புக்குள் அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. வேகம் கூடும்போது டைமிங்கை முன்னால் தள்ளுவதும் அந்த அழுத்தமே. இரண்டையும் இடம் மாற்றிப் போட்டால் பம்ப் புதிதாக இருந்தாலும் வண்டி இழுக்காது, வெள்ளைப் புகை தள்ளும். பாவம், பழி பம்ப் கடைக்காரர் மேல் விழும்.

டைமிங்கைப் பழைய கோட்டைப் பார்த்து ஒத்து வைப்பது போதாது. நான்கு டெலிவரி பைப்புகளுக்கு நடுவில் இருக்கும் பிளக்கைக் கழற்றி அங்கே டயல் கேஜ் மாட்ட வேண்டும். எஞ்சினைச் சுழலும் திசைக்கு எதிராக மெதுவாகத் திருப்பினால் முள் ஒரு இடத்தில் நின்றுவிடும். அங்கே பூஜ்யம் வைத்துவிட்டு, சரியான திசையில் டி.டி.சி. குறிவரை (பிஸ்டன் உச்சியில் நிற்கும் குறி) கொண்டு வந்து எத்தனை மி.மீ. ஏறியிருக்கிறது என்று படிக்க வேண்டும். உங்கள் எஞ்சினின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவு வரும்வரை பம்பைச் சாய்த்து இறுக்க வேண்டும். கேஜ் இல்லாமல் காதால் கேட்டு வைப்பேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். டைமிங் பெல்ட் எப்படியும் கழலும், அதையும் டென்ஷனரையும் புதிதாகப் போட்டுவிடுங்கள். இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் இடிக்கும்.

இழுவைதான் வேண்டும் என்றால் பம்பை மட்டும் மாற்றி அதை வாங்க முடியாது. டர்போ, மேனிஃபோல்ட், ஆயில் லைன், அதற்கேற்ற பிஸ்டன் எல்லாம் சேர்ந்த முழு டர்போ எஞ்சின் வேண்டும். அதற்கு ஆர்.டி.ஓ.வில் அனுமதி வாங்கி ஆர்.சி.யில் எஞ்சின் எண்ணை மாற்ற வேண்டும். உங்கள் வண்டியின் வயதுக்கு அந்தச் செலவு தேறாது என்பது என் கருத்து. கழற்றிய பம்பை நல்ல பெஞ்ச் உள்ள கடைக்கு எடுத்துப்போய், ரோட்டர் ஹெட்டும் சீல் செட்டும் மாற்றிக் காலிபரேஷன் செய்ய என்ன ஆகும் என்று முதலில் விலை கேளுங்கள். ஹெட் நன்றாக இருந்து சீல் மட்டும் போயிருந்தால் புதுப்பேட்டைப் பம்பைவிடக் குறைந்த செலவிலேயே முடியலாம்.