எலெனா முகினாவின் கால்

வணக்கம் அண்ணா. என் மகளுக்கு எட்டு வயது, ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்புக்குப் போகிறாள். முழங்கால் வலிக்கிறது என்று அடிக்கடி அழுகிறாள். பழைய சோவியத் பெண்கள் அணியின் வீடியோக்களைக் காட்டித் தேற்றுகிறேன். அந்தக் கண்டிப்பு நம்மிடம் இல்லை, அதனால்தான் பதக்கமும் இல்லை. ஒரு சந்தேகம்: சோவியத் யூனியன் உடைந்த பிறகு அந்தப் பதக்கங்களெல்லாம் ரஷ்யாவின் கணக்கா?
- ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

இல்லை. சோவியத் கணக்கு தனி, ரஷ்யக் கணக்கு தனி. அந்த அணியில் ஆடிய பெண்கள் எல்லோரும் ரஷ்யர்கள் இல்லை. லாரிஸா லாத்தினினா உக்ரைனின் கெர்சோனில் பிறந்தவர். ஓல்கா கோர்புட் பெலாரூஸ்காரர். நெல்லி கிம் வளர்ந்தது கஸாக்ஸ்தானில், அப்பா கொரியர், அம்மா தாத்தார் இனத்தவர். 1952 முதல் 1980 வரை எட்டு ஒலிம்பிக்கிலும் அணித் தங்கம் சோவியத் பெண்களுக்குத்தான். 1984-க்குப் போகவில்லை, 1988-இல் மறுபடி தங்கம். 1992 பார்சிலோனாவில், நாடே இல்லாமல் போனபிறகு, ஒலிம்பிக் கொடியைப் பிடித்துக்கொண்டு வந்து அதையும் வென்றார்கள். அதைப் பற்றி நிறைய எழுதலாம், இன்னொரு நாள் எழுதுகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்த முழங்கால்.

எங்கள் வீட்டுக்கு ‘சோவியத் நாடு’ பத்திரிகை வரும். வழவழப்பான தாள். வருடா வருடம் பள்ளிக்கூடம் திறந்ததும் நோட்டுகளுக்கு அதைக் கிழித்துத்தான் அட்டை போடுவோம். டிராக்டர், அணைக்கட்டு, விண்வெளி வீரர் இவற்றுக்கு நடுவே கம்பியில் பறக்கும் பெண் யாராவது கிடைத்தால் எனக்கும் அக்காவுக்கும் சண்டை. அந்தப் பெண்கள் எப்போதும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். எலெனா முகினா என்ற பெயரை நான் கேள்விப்பட்டது அதற்கு எத்தனையோ காலம் கழித்து. சில நாட்களாக அவரைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருந்தேன், உங்கள் கடிதம் வந்தது.

முகினா மாஸ்கோக்காரர், பாட்டி வளர்த்த பெண். 1978-இல் ஸ்ட்ராஸ்பூர்கில் உலக சாம்பியன். அடுத்த வருடம் கால் உடைந்தது. அதே வருடம் உலகப் போட்டியில் சோவியத் அணி ருமேனியாவிடம் தோற்றது, அடுத்த ஒலிம்பிக்கோ மாஸ்கோவிலேயே நடக்கப்போகிறது. எலும்பு கூடும்வரை காத்திருக்க அங்கே யாருக்கும் பொறுமை இல்லை. தரையிலிருந்து எம்பிப் பின்பக்கமாக ஒன்றே முக்கால் சுற்று சுற்றி, உடம்பையும் முறுக்கி, கடைசியில் உருண்டு எழவேண்டிய ஒரு வித்தை இருந்தது. தாமஸ் சால்டோ என்பார்கள். எம்புவதற்குக் கால் வேண்டும். சுற்று கொஞ்சம் குறைந்தாலும் கழுத்துதான் தரையில் மோதும். என் கழுத்து முறியப்போகிறது என்று பயிற்சியாளரிடம் அவரே சொல்லியிருக்கிறார். உன்னை மாதிரி ஆட்களுக்கெல்லாம் கழுத்து முறியாது என்று பதில் வந்தது. 1980 ஜூலை 3, மின்ஸ்கில் முறிந்தது. வயது இருபது. விழுந்து கிடந்தபோது, நல்லவேளை, ஒலிம்பிக்குக்குப் போகவேண்டாம் என்று தோன்றியதாகப் பிற்பாடு ஒரு பேட்டியில் சொன்னார். கை கால் விளங்காமல் இன்னும் இருபத்தாறு வருடம் இருந்து 2006-இல் இறந்தார். அந்த வித்தை பிறகு பெண்களுக்குத் தடை செய்யப்பட்டது.

இதைத்தான் நீங்கள் கண்டிப்பு என்கிறீர்கள். எனக்குக் கோபம் வருகிறது தம்பி, வராமல் எப்படி இருக்கும்? ஒரு குழந்தை வலிக்கிறது என்கிறது, நீங்கள் செல்போனை எடுத்து நீட்டுகிறீர்கள்.

அந்த அணி குழந்தைகளை வதைத்ததால்தான் ஜெயித்தது என்பதும் உண்மையில்லை. 1952-இல் ஹெல்சிங்கியில் ஏழு பதக்கம் வாங்கிய மரியா கோரகோவ்ஸ்கயாவுக்கு அப்போது முப்பது வயது. லாத்தினினா 1958 உலகப் போட்டியில் ஐந்து தங்கம் வாங்கியபோது வயிற்றில் பிள்ளை. முழுக்க வளர்ந்த பெண்கள் ஆடிய அந்த வருடங்களில் ஒலிம்பிக்கில் அவர்களை அணியாக யாரும் தோற்கடிக்கவில்லை. சின்னப் பெண்களைப் பிடித்து, ஆபத்தான வித்தைகளைத் திணித்து, ருமேனியாவைத் துரத்திக்கொண்டு ஓடியதெல்லாம் பின்னால் வந்தது. அந்த ஓட்டத்தில்தான் முகினா போனார். கண்டிப்பால் பதக்கம் வருகிறது என்று யாராவது சொன்னால் முதல் பதினைந்து வருடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மகளை முதலில் ஒரு எலும்பு டாக்டரிடம் கூட்டிப் போங்கள். அவர் ஓய்வு என்றால் ஓய்வுதான், பயிற்சியாளர் முகத்தைத் தூக்கினாலும் சரி. அப்புறம், வீடியோ காட்டித்தான் ஆகவேண்டும் என்றால் ஒக்ஸானா சுசோவிதினாவைக் காட்டுங்கள். பார்சிலோனா அணியில் இருந்த உஸ்பெக் பெண். மகனுக்கு ரத்தப் புற்றுநோய் வந்ததும் சிகிச்சைக்காக ஜெர்மனிக்குக் குடிபோய், 2008 ஒலிம்பிக்கில் அந்த நாட்டுக்காக வால்டில், அதாவது ஓடிவந்து கையூன்றித் தாவும் போட்டியில், வெள்ளி வாங்கினார், முப்பத்து மூன்று வயதில். டோக்கியோ ஒலிம்பிக்கில் மறுபடி உஸ்பெகிஸ்தானுக்காக ஆடும்போது நாற்பத்தாறு. உங்கள் பெண்ணுக்கு எட்டுதானே, என்ன அவசரம்?

டாக்டர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். அவளுக்கு பீம் என்கிற அந்தக் குறுகலான கட்டை பிடிக்குமா, கம்பி பிடிக்குமா என்பதை மட்டும் அவளையே எழுதச் சொல்லுங்கள்.