முள் ஏறவில்லை என்று விறகைக் கூட்டாதீர்கள்

கேள்வி: ஸ்காபரோவில் இருந்து பீற்றர்பரோப் பக்கம் வீடு மாறி வந்திருக்கிறோம். போன நவம்பரில் புது விறகடுப்பு பூட்டினோம். பூட்டியவர் புகைக்குழாயில் ஒட்டுவதற்கு ஒரு காந்த வெப்பமானியும் தந்தார். எவ்வளவு விறகு போட்டாலும் அதன் முள் 200 ஃபாரன்ஹீட்டைத் தாண்டுவதில்லை. அந்த இடத்தில் 'கிரியோசோற்' என்று எழுதியிருக்கிறது. கிரியோசோற் என்கிற புகைத்தார் படிந்தால் புகைபோக்கி தீப்பிடிக்கும் என்று பயந்து இவர் காற்றை முழுக்கத் திறந்துவிட்டு எரிக்கிறார். போன கிழமை பெயின்ற் கருகுகிற மணம் வந்தது. விளக்கை அணைத்துப் பார்த்தபோது அடுப்பின் மேல்தட்டில் ஒரு மூலை மங்கலாகச் சிவந்திருந்தது. அடுப்புக்குச் சூடு போதவில்லையா, கூடிவிட்டதா? எவ்வளவு சூடு பாதுகாப்பானது? 'வெட் செர்ற்றிஃபைட்' அடுப்பு என்றுதான் விற்றார்கள்.

பதில்: கூடிவிட்டது. மிகவும் கூடிவிட்டது. யாராவது வந்து பார்க்கும் வரை அந்த அடுப்பை மூட்டாதீர்கள்.

இருட்டில் இரும்பு சிவந்து தெரிகிறது என்றால் அந்த இடம் ஏறத்தாழ 500 செல்சியஸை, அதாவது 900 ஃபாரன்ஹீட்டுக்கு மேலான சூட்டைத் தொட்டுவிட்டது. பெயின்ற் மணமும் அதையே சொல்கிறது. புது அடுப்பின் பெயின்ற் முதல் சில தடவை எரிக்கும்போது மணக்கும், பிறகு நின்றுவிடும். இரண்டு மாதம் எரித்த அடுப்பு திரும்பவும் மணந்தால், இதுவரை அது காணாத ஒரு சூட்டை அன்றைக்குக் கண்டிருக்கிறது என்று பொருள்.

அப்படியானால் முள் ஏன் 200இல் நிற்கிறது? உங்கள் கடிதத்தைப் படித்தவுடன் எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: உங்கள் புகைக்குழாய் இரட்டைச் சுவர்க் குழாய். இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். இந்த ஓர் இடத்தில் சறுக்குகிற வீடுகளை வருடா வருடம் பார்க்கிறேன்.

அடுப்பில் இருந்து கூரைவரை போகும் கறுப்புக் குழாயில் இரண்டு வகை உண்டு. ஒன்று வெறும் ஒற்றைத் தகடு. உள்ளே போகும் புகையின் சூடு அப்படியே வெளித்தகட்டுக்கு வரும். காந்த வெப்பமானி இந்தக் குழாய்க்கென்று செய்யப்பட்டது. அடுப்பின் மேல்தட்டில் இருந்து 18 அங்குல உயரத்தில் ஒட்டினால், 250 முதல் 475 ஃபாரன்ஹீட் (ஏறத்தாழ 120 முதல் 245 செல்சியஸ்) வரை நல்ல எரிப்பு. அதற்குக் கீழே தொடர்ந்து நின்றால் கிரியோசோற் படியும். மேலே போனால் ஆபத்து. வட்டத் தட்டில் அச்சடித்திருக்கும் நிறங்களும் எழுத்துகளும் இந்தக் கணக்குத்தான்.

மற்ற வகை, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு தகடு. நடுவில் காற்று இடைவெளி. வெளித்தகடு சூடாகக் கூடாது என்பதற்காகவே அதை அப்படிச் செய்கிறார்கள். அதனால்தான் சுவருக்குக் கிட்டவும் வைக்க முடிகிறது. அந்த வெளித்தகட்டில் காந்த வெப்பமானியை ஒட்டினால் அது புகையை அளப்பதில்லை. உள்ளே 900 ஃபாரன்ஹீட்டில் புகை ஓடிக்கொண்டிருந்தாலும் வெளியே முள் 200இல் சும்மா நிற்கும். அதைப் பார்த்துக் காற்றைத் திறந்தால், திறக்கத் திறக்க உள்ளே சூடேறும், முள் மட்டும் அசையாது. உங்கள் வீட்டில் நடந்தது இதுதான். உங்கள் கணவர் கவனமாக இருக்கப் போய்த்தான் அடுப்பு சிவந்திருக்கிறது.

எந்தக் குழாய் என்று நீங்களே பார்க்கலாம். அடுப்பு நன்றாக ஆறியிருக்கும்போது தையல் அளவு நாடாவைக் குழாயைச் சுற்றிப் பிடியுங்கள். ஆறங்குல ஒற்றைக் குழாய் என்றால் சுற்றளவு கிட்டத்தட்ட 19 அங்குலம் வரும். 20ஐத் தாண்டினால் இரட்டைச் சுவர். பூட்டியவரின் பில்லிலும் எழுதியிருக்கும், பில் தந்திருந்தால்.

இரட்டைச் சுவருக்குத் தேவை ஊசி வெப்பமானி. சிறு துளை போட்டு, இரண்டு தகடுகளையும் கடந்து, ஊசியின் நுனி புகைக்குள் நிற்க வேண்டும். அதில் பார்க்க வேண்டிய எண்களும் வேறு: 400 முதல் 900 ஃபாரன்ஹீட் வரை நல்ல பகுதி, அதாவது ஏறத்தாழ 200 முதல் 480 செல்சியஸ். இது புகையின் சூடு. நான் மேலே சொன்ன 250–475 குழாய்த் தகட்டின் சூடு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். துளையை நீங்கள் போட வேண்டாம், வருகிறவரைப் போடச் சொல்லுங்கள்.

கையில் இருக்கும் காந்த வெப்பமானியை அடுப்பின் மேல்தட்டில் வைக்கலாம். ஆனால் அதிலுள்ள நிறங்களை மறந்துவிட்டு எண்ணை மட்டும் பாருங்கள். இரும்புத் தகட்டு அடுப்புகளில் மேல்தட்டு 300 முதல் 650 ஃபாரன்ஹீட்டுக்குள் இருப்பது வழக்கம். 700ஐத் தொட்டால் காற்றைக் குறைக்க வேண்டும். 800 என்றால் அடுப்பு கட்டுமீறி எரிகிறது. உங்கள் அடுப்பின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுதான் சரி.

ஒரு சந்தேகம் வரும், முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். கண்ணாடி வழியாகப் பார்த்தால் அடுப்புக்குள்ளே மேற்பக்கம் ஓட்டை போட்ட சில குழாய்கள் தெரியும். புகையை இரண்டாவது தடவை எரிக்க அவற்றின் வழியாகச் சூடான காற்று வருகிறது. நல்ல எரிப்பில் அவை சிவப்பது வழக்கந்தான், பயப்பட வேண்டாம். வெளிப்பக்கத்தில் எது சிவந்தாலும் பயப்பட வேண்டும்.

சூட்டைக் கட்டுக்குள் வைப்பது முள்ளைப் பிடித்துத் தொங்குகிற வேலை இல்லை. அடுப்பு பாரமான இரும்பு. இப்போது காற்றைக் குறைத்தாலும் அடுத்த இருபது நிமிடம் சூடு ஏறிக்கொண்டே போகும். அதனால் 650 வரட்டும், பிறகு குறைக்கலாம் என்று உட்கார்ந்திருந்தால் 750இல்தான் நிற்கும். விறகு பிடித்துக்கொண்டதும், மேல்தட்டு 350, 400 அளவில் இருக்கும்போதே காற்றைக் கால்வாசி குறையுங்கள். ஐந்து பத்து நிமிடம் கழித்து இன்னொரு கால்வாசி. தீ நாக்கு சோர்ந்து, கண்ணாடி கறுக்கத் தொடங்கினால் கொஞ்சம் திறவுங்கள். அவ்வளவுதான்.

அடுத்த விறகை எப்போது போடுவது என்பதும் முக்கியம். மேல்தட்டு 300க்குக் கீழே இறங்கி, உள்ளே தணல் மட்டும் இருக்கும்போது தணலை முன்னுக்கு இழுத்துவிட்டுப் பின்னால் இரண்டு மூன்று பெரிய கட்டைகளை வையுங்கள். சூடு குறையாத அடுப்பில், மெல்லியதாகப் பிளந்த துண்டுகளை வாய்வரை அடுக்குவதுதான் அடுப்பைச் சிவக்க வைக்கும் சுருக்கு வழி. சிறு துண்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் பற்றிவிடும்.

கதவோரத்தில் ஓடும் கயிற்றுக் கஸ்கெற்றையும் பாருங்கள். அது தளர்ந்திருந்தால் நீங்கள் காற்றை எவ்வளவு மூடினாலும் அடுப்பு தன்பாட்டில் காற்றை இழுக்கும். ஆறிய அடுப்பில் ஒரு தாளை வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள்; இறுக்கிப் பிடிக்க வேண்டும். பழைய புத்தகங்களில் டொலர் நோட்டை வைக்கச் சொல்வார்கள். இப்போதைய கனடிய நோட்டு பிளாஸ்ரிக், அடுப்பு கொஞ்சம் சூடாக இருந்தாலும் இருபது டொலர் போய்விடும். சாம்பல் தட்டுக்குத் தனிக் கதவு இருந்தால் அதையும் சரிபாருங்கள். தீ பிடிக்கட்டும் என்று அதைத் திறந்துவிட்டு மறந்துபோகிறவர்கள் பலர்.

திரும்பவும் எப்போதாவது சிவந்தால் காற்றை முழுக்க மூடுங்கள். கதவைத் திறக்காதீர்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது. இரும்பு வெடிக்கும், நீராவி முகத்தில் அடிக்கும். அடுப்பில் விசிறி இருந்தால் முழு வேகத்தில் ஓடவிடுங்கள். புகைபோக்கிக்குள் ரயில் ஓடுவது போல இரைச்சல் கேட்டால் அது புகைபோக்கித் தீ. காற்றை மூடிவிட்டு எல்லாரும் வெளியே வந்து 911ஐக் கூப்பிடுங்கள்.

இனி விறகு. சூடு தாறுமாறாக ஏறி இறங்குவதற்குப் பாதிக் காரணம் ஈர விறகு. ஈரக் கட்டை போட்ட முதல் அரைமணி நேரம் அடுப்பின் சூடெல்லாம் தண்ணீரை ஆவியாக்குவதில் போகும். புகை குளிர்ந்து, புகைபோக்கிச் சுவரில் கிரியோசோற்றாகப் படியும். எரியவில்லையே என்று நீங்கள் காற்றைத் திறப்பீர்கள். ஈரம் போய் முடிந்த கணத்தில், திறந்த காற்றோடு எல்லாம் ஒன்றாகப் பற்றும்.

ஒன்ராறியோவில் விறகு விற்கிற எல்லாருமே 'சீசன்ட்' விறகு, அதாவது நன்றாகக் காய்ந்த விறகு என்றுதான் சொல்வார்கள். அந்தச் சொல்லை நம்பிக் காசு கொடுக்காதீர்கள். வீட்டுச் சாமான் கடைகளில் ஈரமானி கிடைக்கும். லொறியில் இருந்து ஒரு கட்டையை எடுத்து, கோடரியால் புதிதாகப் பிளந்து, பிளந்த முகத்தில் குத்திப் பாருங்கள். வெளித்தோலில் குத்தினால் எல்லா விறகும் காய்ந்ததாகத்தான் காட்டும், விற்கிறவருக்கும் அது தெரியும். 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் வாங்குங்கள். ஓக் என்றால் பிளந்து அடுக்கி இரண்டு கோடை காய வேண்டும். செப்டெம்பரில் வெட்டி ஒக்டோபரில் கொண்டுவந்து இறக்குகிற ஓக் விறகு அடுத்த குளிருக்கும் உதவாது.

அளவிலும் ஏமாறாதீர்கள். கனடாவில் ஒரு கோர்ட் என்றால் 128 கன அடி: நான்கடி அகலம், நான்கடி உயரம், எட்டடி நீளம். 'ஃபேஸ் கோர்ட்' என்று விற்பது பெரும்பாலும் அதில் மூன்றில் ஒரு பங்கு. சட்டத்தில் அப்படி ஓர் அளவே கிடையாது, ஆனாலும் விளம்பரங்கள் எல்லாம் அதிலேதான் வருகின்றன. யார் கேட்கிறார்கள்?

அடுத்து 'வெட் செர்ற்றிஃபைட் அடுப்பு'. அப்படி ஓர் அடுப்பு உலகத்தில் இல்லை. வெட் (WETT) என்பது ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்துச் சான்றிதழ் தரும் ஓர் அமைப்பு. அடுப்புக்கு அது சான்று தருவதில்லை. அடுப்பின் பின்பக்கத் தகட்டில் யூஎல்சி, சிஎஸ்ஏ போன்ற சோதனை நிறுவனத்தின் முத்திரையும், சுவரில் இருந்து எத்தனை அங்குலம் தள்ளி வைக்க வேண்டும் என்ற அளவுகளும் இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது அந்தத் தகட்டை. உங்களுக்கு விற்றவர் தெரியாமல் சொன்னாரோ தெரிந்தே சொன்னாரோ, இரட்டைச் சுவர்க் குழாய்க்குக் காந்த வெப்பமானியைப் பரிசாகக் கொடுத்த ஆள் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

காப்புறுதி நிறுவனம் உங்களிடம் வெட் பரிசோதனை அறிக்கை கேட்டிருக்கும். கொடுத்திருப்பீர்கள், அவர்களும் கோப்பில் போட்டிருப்பார்கள். அவர்கள் வழக்கமாக ஏற்றுக்கொள்ளும் முதல்நிலைப் பரிசோதனை, கண்ணுக்கு எட்டியதை மட்டும் பார்ப்பது: இடைவெளி சரியா, குழாய் மூட்டுகளில் மூன்று திருகாணி இருக்கிறதா என்பவை. நகரசபை அனுமதிக்கு வருகிறவரும் அதையேதான் பார்ப்பார். அனுமதிக்குக் காசு, பரிசோதனைக்குக் காசு, காப்புறுதிக்கு மேலதிகக் காசு. இந்த அடுப்பை எந்தச் சூட்டில் எரிப்பது என்று சொல்ல இவர்களில் ஒருவருக்கும் ஐந்து நிமிடம் கிடைப்பதில்லை. அடுப்பு சிவந்த பிறகு எனக்குக் கடிதம் வருகிறது.

இப்போது நீங்கள் கூப்பிட வேண்டிய ஆள், அந்த அடுப்பை விற்றவர் அல்லாத, வெட் சான்றிதழ் உள்ள ஒரு புகைபோக்கித் துப்புரவாளர். அவருடைய பெயரை அந்த அமைப்பின் இணையத்தளத்தில் தேடிப் பார்க்கலாம். அடுப்பு சிவந்த விஷயத்தை மறைக்காமல் சொல்லி, முதல்நிலை போதாது, இரண்டாம் நிலைப் பரிசோதனை வேண்டும் என்று கேளுங்கள். உள்ளே மேற்பக்கம் இருக்கும் தடுப்புத் தகடு வளைந்திருக்கிறதா, பற்றவைத்த மூட்டுகளில் வெடிப்பு உண்டா, புகைக்குழாயின் உட்தகடு நெளிந்திருக்கிறதா என்பதையெல்லாம் அவர் பார்க்க வேண்டும். வந்தவர் பத்து நிமிடம் ரோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, 'புகைபோக்கி முழுக்க மாற்ற வேண்டும், இன்றைக்கே கையெழுத்து வைத்தால் விலை குறைப்பேன்' என்றால் கையெழுத்து வைக்காதீர்கள். படத்தைக் காட்டச் சொல்லுங்கள், எழுத்தில் கேளுங்கள், இன்னொருவரிடமும் விலை கேளுங்கள்.

கார்பன் மோனொக்சைட் எச்சரிக்கைக் கருவி படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் வேலை செய்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். ஒன்ராறியோவில் 2014இல் இருந்து அது சட்டம்.

குளிர்காலத்தின் நடுவில் நல்ல துப்புரவாளர் கிடைக்க நாளாகும், அதுவரை ஃபர்னேஸிலேயே சமாளியுங்கள். அடுத்த வருடத்துக்கான துப்புரவுக்கு ஏப்ரல், மே மாதங்களில் கூப்பிடுங்கள். ஒக்டோபரில் கூப்பிட்டால் வருவது பெரும்பாலும் வேறு யாருக்கும் தேவைப்படாத ஆளாகத்தான் இருக்கும்.