தொடாமல் கிடக்கும் விம் எடிட்டர் தானாக மூட என்ன வழி?

அரை மணி நேரம் யாரும் தொடாத விம் தானாக மூடிக்கொள்ள வேண்டும், கட்டளைகளை வாங்கி இயக்கும் பாஷ் ஷெல்லில், சும்மா கிடந்தால் மூடச்செய்யும் டிஎம்அவுட் (TMOUT) வைத்தும் மூடவில்லை என்கிறீர்கள். மூடாதுதான். ஷெல் உங்கள் கட்டளைக்காகக் காத்திருக்கும்போது மட்டுமே அந்தக் கணக்கு ஓடும். விம் திறந்திருக்கும்வரை ஷெல் காத்திருப்பது விம்முக்காக.

விம்முக்குள்ளேயே செய்யலாம். எந்த விசையும் அழுத்தாமல் 4 விநாடி போனால் ‘கர்சர்ஹோல்ட்’ நிகழ்வு எழும். சிலர் அந்த 4 விநாடியைத் தீர்மானிக்கும் அப்டேட்டைம் (updatetime) அளவையே அரை மணி நேரமாக்கிவிடுவார்கள். வேண்டாம், சேமிக்காத மாற்றங்களைக் காத்துவைக்கும் ஸ்வாப் கோப்பை விம் எழுதுவதும் அதே கணக்கில்தான். அந்த நிகழ்வில் 18,00,000 மில்லிவிநாடிக்கு ஒரு டைமரை ஓடவிட்டு, கர்சர் நகர்ந்தால் நிறுத்துங்கள். விம் 8 முதல் டைமர் உண்டு. தட்டச்சு செய்யும் இன்செர்ட் நிலைக்கு ‘கர்சர்ஹோல்ட்ஐ’ என்று தனி நிகழ்வு. பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

நேரம் முடிந்ததும் என்ன செய்வது என்பதில்தான் சிக்கல். சேமித்து மூடினால் பாதி எழுதிய கிரான்டேப் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகளின் பட்டியல்) அப்படியே அமலுக்கு வந்துவிடும். சேமிக்காமல் ஆச்சரியக்குறி போட்டு (:q!) மூடினால் எழுதியதோடு ஸ்வாப்பும் போச்சு. நானாக இருந்தால், டைமரைக் கொண்டே விம்மின் பிஐடிக்கு (ஓடும் நிரலின் அடையாள எண்) டெர்ம் எனும் ‘முடித்துக்கொள்’ சிக்னல் அனுப்பச் சொல்வேன். மாற்றங்களை ஸ்வாப்பில் வைத்துவிட்டுத்தான் விம் சாகும்; மறுநாள் ‘விம் -ஆர்’ (vim -r) போட்டு மீட்டுக்கொள்ளலாம்.