மதரஸாவில் நபிவரலாற்று அனிமேஷன்: எந்தப் படம், எப்படிப் போடுவது?

கேள்வி: நபி (ஸல்) பிறந்த மாதமான ரபீஉல் அவ்வலில் எங்கள் மதரஸாவில் 7 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு ‘பிலால்’ அனிமேஷன் படம் போடலாமா? உருவம் காட்டுவது பற்றிப் பெற்றோர் கேட்டால் என்ன சொல்வது?

பதில்: எல்லா வயதும் கலந்து உட்காரும் சபைக்கு ‘பிலால்’ வேண்டாம். துபாயில் தயாராகி 2015இல் வந்த அந்தப் படத்துக்கு அமெரிக்காவில் பிஜி-13 சான்றிதழ்தான் (13 வயதுக்குட்பட்டோர் விஷயத்தில் பெற்றோருக்கு எச்சரிக்கை) கிடைத்தது. சண்டையும் கொடுமையும் அதிகம். 7 வயதுப் பிள்ளை மிரண்டுவிடும். ஸஹாபியான (நபித்தோழர்) பிலால் (ரலி) அவர்களின் முகமே திரையில் வருகிறது. ஸஹாபாக்களை உருவமாகக் காட்டுவதை ஏற்காத ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) உண்டு. கதையும் மாறியிருக்கிறது. படத்தில் அவரைச் சிறுவயதில் தங்கையோடு கடத்தி வருகிறார்கள். ஸீரா (நபி வரலாற்று) நூல்களிலோ ரபாஹ், ஹமாமா தம்பதிக்கு மகனாக, அடிமையாகவே பிறந்தவர். இதைச் சொல்லிவிட்டு 13, 14 வயதுக்காரர்களுக்கு மட்டும் தனியே போடலாம், அதுவும் உங்கள் இமாம் சரி என்றால்.

எல்லோருக்கும் ஏற்றது ரிச்சர்ட் ரிச் இயக்கிய ‘முஹம்மத்: தி லாஸ்ட் ப்ராஃபெட்’. சுமார் ஒன்றரை மணி நேரம். நபி (ஸல்) அவர்களின் உருவம் இதில் வராது; கேமராவே அவர்களின் பார்வையாக நிற்கும். பெற்றோருக்கு இதுவே பதில். ஆனால் பிள்ளைகள் தடுமாறுவதும் இங்கேதான். திரையில் இருப்பவர் நேராக நம்மைப் பார்த்துப் பேசும்போது, “யாருகிட்ட பேசுறாரு?” என்று சின்னதுகள் கேட்கும். படம் தொடங்குமுன்பே இதை விளக்கிவிடுங்கள்.

ஆங்கில வசனத்தின் மேல் மைக்கில் தமிழ் சொன்னால் இரண்டும் காதில் ஏறாது. 10 நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, 2 நிமிடம் கதை சொல்லுங்கள். மக்காவில் கொடுமைக்கு ஆளான முஸ்லிம்களின் அபிசீனியப் பயணம் (615) வரும் இடத்தில் மட்டும் கூடுதலாக நிறுத்தலாம்: அந்நாட்டு நஜ்ஜாஷி மன்னர் முன் ஜஅஃபர் (ரலி) ஓதியது மர்யம் சூராவின் தொடக்கம். பிள்ளைகளில் ஒருவரை அதை ஓதச் சொன்னால் காட்சி மனதில் நிற்கும்.

இப்படி நிறுத்தி ஓட்டினால் இரண்டு மணி நேரம் ஆகிவிடும். அஸர் (பிற்பகல்), மஃரிப் (சூரிய மறைவு) தொழுகைகளுக்கு நடுவே அடங்காமல் போகலாம். நபி (ஸல்) மதீனாவுக்குக் குடிபெயர்ந்த ஹிஜ்ரத்துக்கு (622) முன்னால் நிறுத்தி, மீதியை மறுநாள் போடுங்கள். மாலை வெயில் ஹாலுக்குள் விழுந்தால் புரொஜெக்டர் படம் வெளுத்துவிடும். மேற்குச் சன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டுங்கள்.

வீட்டில் பார்க்க வாங்கிய டிவிடி பொதுத் திரையிடலுக்கு அனுமதி ஆகாது. உரிமையாளரிடம் முன்னதாகவே எழுதிக் கேளுங்கள்.