ட்ரைமிக்ஸ் (ஆக்சிஜன், ஹீலியம், நைட்ரஜன் கலந்த சுவாச வாயு) டைவுக்கு, ட்ரைசூட்டில் (உடம்பு நனையாமல் காக்கும், உள்ளே வாயு நிரப்பும் டைவிங் உடை) ஆர்கான் அமைப்பு எப்படி மாட்டுவது? உண்மையில் அது தேவைதானா?

சுருக்கமான பதில்: தனி சிலிண்டர் கட்டாயம் தேவை. அதற்குள் ஆர்கான் இருக்கிறதா காற்று இருக்கிறதா என்பது அடுத்த கேள்விதான்.

சுவாசிக்க முதுகில் இருப்பது 18/45 (18% ஆக்சிஜன், 45% ஹீலியம்) போன்ற ட்ரைமிக்ஸ் என்றால் அதை உடைக்குள் விடக்கூடாது. ஹீலியம் வெப்பத்தைக் காற்றைப்போல ஏறத்தாழ 6 மடங்கு வேகமாகக் கடத்தும். உள்ளாடை எவ்வளவு தடிமனாக இருந்தாலும் டீகோ நிறுத்தங்களில் (மேலே வரும் வழியில், உடலில் கரைந்த வாயு வெளியேறக் காத்திருக்கும் இடங்களில்) நடுங்க வேண்டியதுதான். ஆர்கானின் வெப்பக் கடத்துத்திறன் காற்றினுடையதில் மூன்றில் இரண்டு பங்கு. ஆனால் அந்த வித்தியாசம் முழுவதும் உடம்புக்கு வந்து சேராது. வெப்பம் உள்ளாடையின் இழைகள் வழியாகவும், கை, கால், தலை வழியாகவும், மூச்சு வழியாகவும் போய்க்கொண்டே இருக்கும். 2001-இல் நார்வேயில் ரிஸ்பெர்க், ஹோப் இருவரும் எந்த வாயு என்று டைவருக்குத் தெரியாமல் ஒப்பிட்டுப் பார்த்தபோது, உடல் வெப்பநிலையில் ஆர்கானுக்கும் காற்றுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே முதல் செலவு நல்ல உள்ளாடைக்குப் போகட்டும். கீழே சொல்லும் அமைப்பு இரண்டு வாயுவுக்கும் ஒன்றுதான்.

சிலிண்டர் 0.85 லிட்டர் முதல் 2 லிட்டர் வரை, அலுமினியம். ஃபர்ஸ்ட் ஸ்டேஜுக்கு (சிலிண்டரின் உயர் அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர் பகுதி) விலை உயர்ந்தது தேவையில்லை, சாதாரண பிஸ்டன் வகை போதும். ஒரு லோ பிரஷர் போர்ட்டில் (குறைந்த அழுத்த வாயு வரும் துளை) உடைக்குப் போகும் ஹோஸ், இன்னொன்றில் ரிலீஃப் வால்வு (அழுத்தம் மிஞ்சினால் தானே திறந்து வெளியே விடுவது), ஹை பிரஷர் போர்ட்டில் சிலிண்டர் அழுத்தம் காட்டும் சின்ன பட்டன் கேஜ். மற்ற போர்ட்டுகளை எல்லாம் பிளக் போட்டு மூடிவிட வேண்டும்.

பலர் விட்டுவிடுவது அந்த ரிலீஃப் வால்வைத்தான். வழக்கமான ரெகுலேட்டரில் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் கசிந்து அழுத்தம் ஏறினால் செகண்ட் ஸ்டேஜ் (வாயில் வைத்துச் சுவாசிக்கும் பகுதி) தானாகத் திறந்து வெளியே விட்டுவிடும். இங்கே செகண்ட் ஸ்டேஜே கிடையாது. இன்ஃப்ளேட்டர் வால்வு (பட்டனை அழுத்தினால் உடைக்குள் வாயு விடுவது) மூடியே இருப்பதால் ஏறும் அழுத்தத்துக்குப் போக்கிடமில்லை; கடைசியில் ஹோஸ் வெடிக்கும், அல்லது உடை கட்டுக்கடங்காமல் ஊதும். நடு அழுத்தத்தை (ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் குறைத்து ஹோஸுக்குத் தரும் அழுத்தம்) 9 பார் அளவிலோ சற்றுக் குறைத்தோ வைத்தால் வாயு நிதானமாக வரும், பட்டன் சிக்கினாலும் சமாளிக்க நேரம் கிடைக்கும். வால்வைத் திறந்து, நடு அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டி ஐந்து நிமிடம் பாருங்கள். முள் மெல்ல ஏறிக்கொண்டே போனால் ஃபர்ஸ்ட் ஸ்டேஜுக்குள் வாயுவை அடைக்கும் சீட் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும்.

பேக்பிளேட்டின் (முதுகுச் சிலிண்டரைத் தாங்கும் தட்டு) இடது பக்கம், வால்வு கீழ்நோக்கி இருக்கும்படி இரண்டு பட்டையால் இறுக்குங்கள். தடித்த கையுறையோடு இடது கையால் வால்வைத் திருப்ப முடிகிறதா என்று கரையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ஹோஸ் இடது அக்குளுக்குக் கீழாக மார்பு வால்வுக்கு வரட்டும். அதே கையுறையோடு ஹோஸைக் கழற்றவும் பழக வேண்டும். இன்ஃப்ளேட்டர் சிக்கினால் முதல் வேலை அதுதான். உடையிலிருந்து வாயுவை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு அதன் பிறகு.

நிரப்பும்போது ஒரு எச்சரிக்கை. வெல்டிங் சிலிண்டர்களில் கார்பன் டை ஆக்சைடு கலந்த ஆர்கானும் உண்டு. அது வியர்வை ஈரத்தோடு சேர்ந்தால் தோல் எரியும். சுத்த ஆர்கான்தானா என்று லேபிளைப் பார்த்தே வாங்குங்கள். பெரிய சிலிண்டரிலிருந்து சின்னதுக்கு மெதுவாக விடுங்கள், காற்றோட்டம் உள்ள இடத்தில். ஆர்கான் காற்றைவிடக் கனமானது, மூடிய அறையில் தரையோடு தேங்கும். வாசனையும் கிடையாது, மூச்சு முட்டும் உணர்வும் வராது. ஆள் சட்டென்று மயங்கி விழுவார். இதே காரணத்துக்காகத்தான் சிலிண்டரின் இரண்டு பக்கமும் பெரிய எழுத்தில் 'ஆர்கான், சுவாசிக்கக் கூடாது' என்று ஒட்டுவதும், இந்த ரெகுலேட்டரில் எந்தக் காலத்திலும் செகண்ட் ஸ்டேஜ் மாட்டாமல் இருப்பதும்.

இனி கணக்கு. 0.85 லிட்டர் சிலிண்டரை 200 பார் நிரப்பினால் 170 லிட்டர் வாயு. உடைக்குள் மேற்பரப்பில் 10 லிட்டர் இருப்பதாக வைத்துக்கொண்டால், 60 மீட்டர் ஆழத்தில் (7 பார்) அதே பருமனைக் காக்க இன்னும் 60 லிட்டர் வேண்டும். டைவுக்கு முன் உடையை ஊதி, குந்தி உட்கார்ந்து காற்றைப் பிழிந்துவிடும் ஃப்ளஷுக்கு ஒரு தடவைக்கு 10 லிட்டர். குந்திய பிறகும் உள்ளாடையில் 5 லிட்டர் தங்கும் என்றால், ஒரு ஃப்ளஷ் முடிந்து மறுபடி 15 லிட்டருக்கு ஊதும்போது பழைய காற்று மூன்றில் ஒரு பங்கு, அடுத்ததில் ஒன்பதில் ஒரு பங்கு, மூன்றாவதில் 4 சதவீதம்.

மூன்று முறை ஃப்ளஷ் செய்தே ஆக வேண்டும் என்ற விதி எல்லா டைவுக்கும் பொருந்தாது என்பது என் கருத்து. ஃப்ளஷே செய்யாமல் 60 மீட்டர் போனாலும், 10 லிட்டர் காற்றோடு 60 லிட்டர் ஆர்கான் சேர்ந்து ஏழில் ஆறு பங்கு ஆர்கான் ஆகிவிடும். ஏறும்போது வெளியேறுவது அதே கலவைதான், விகிதம் மாறாது. 20 மீட்டர் டைவில் மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும், அங்கேதான் ஃப்ளஷ் முக்கியம். மூன்று ஃப்ளஷும் 60 மீட்டர் இறக்கமும் சேர்த்து 90 லிட்டர் போனால் மீதி 80, அதாவது கேஜில் சுமார் 94 பார். அதில் கடைசி 16 பார் அந்த ஆழத்தில் சரியாக வராது, நடு அழுத்தமும் சுற்றழுத்தமும் சேர்ந்த அளவுக்குக் கீழே போனால் ஓட்டம் தளர்ந்துவிடும்.

வாயு தீர்ந்தால் உடை உடம்பை இறுக்கிப் பிடிக்கும், வலிக்கும். அதற்காக ட்ரைமிக்ஸ் ஹோஸைத் தேடாமல் மேலே வரத் தொடங்குங்கள். அழுத்தம் குறையக் குறைய உள்ளே இருப்பதே விரியும். மிதப்பை எப்போதும் விங்கில் (முதுகில் உள்ள மிதவைப் பை) வைத்திருந்தால் இது அசௌகரியத்தோடு நின்றுவிடும். இத்தனைக்கும் நடுவில் அதிகம் நடக்கும் தவறு என்னவோ சிலிண்டர் வால்வைத் திறக்காமலே குதிப்பதுதான்: ஹோஸில் மிச்சமிருக்கும் அழுத்தத்தால் கரையில் பட்டன் ஒருமுறை வேலை செய்யும், 6 மீட்டரில் எதுவும் வராது. குதிப்பதற்கு முன் பட்டனை நான்கைந்து முறை விடாமல் அழுத்திப் பாருங்கள்.