அமினோ அசிட் தூள் குடிச்சா சீனி இறங்குமா?

கேள்வி (களுவாஞ்சிகுடியில இருந்து ஒரு வாசகி): வணக்கம் டொக்டர். எங்கட அப்பாக்கு 61 வயசு, சீனி வருத்தம் கன காலமா இரிக்கு, மெட்ஃபோமினும் கிளிக்லசைடும் போடுறார், போன வருசம் ஹார்ட் அட்டாக் வந்து தப்பினவர். கட்டார்ல இருக்கிற தம்பி பெரிய டப்பா ஒண்டில அமினோ அசிட் தூள் அனுப்பியிருக்கான், இதைக் குடிச்சா இன்சுலின் தன்பாட்டில சுரக்குமாம், குளிசையே தேவைப்படாதாம் எண்டு வீடியோவில பாத்தவனாம். அப்பாவும் கிளினிக் லைன்ல நிண்டு அலுத்துப்போய் இப்பவே குடிக்க நிக்கிறார். குடுக்கலாமா?

பதில்: தங்கச்சி, டப்பாவ இப்ப திறக்க வேணாம், குளிசைய ஒரு நேரம் கூட நிப்பாட்டவும் வேணாம். மறுகா காரணத்தச் சொல்றன்.

தம்பி சொன்னதில பாதி உண்மை, அதாலதான் இந்தக் கதைய சனம் நம்புது. அமினோ அசிட் எண்டா புரதம் செமிச்சா வாற சின்னத் துண்டுகள், லியூசின் மாதிரி சிலது கணையத்தத் தூண்டி இன்சுலின சுரக்க வைக்கும், புரதம் உள்ள போனா குடல்ல ஜிஎல்பி-1 எண்ட ஹோர்மோனும் கூடும், வயிறு மெதுவா காலியாகும், அப்ப சோத்துச் சீனியும் மெதுவாத்தான் ரத்தத்தில ஏறும். 2014ல இஸ்ரேல்ல டைப் 2 சீனி உள்ள 15 பேருக்கு காலைச் சாப்பாட்டுக்கு முன்ன 50 கிராம் வே புரதத்த (பால்ல இருந்து எடுக்கிற புரதத் தூள்) கரைச்சுக் குடுத்துப் பாத்தாங்க, சாப்பிட்டாப் பிறகு ஏறுற சீனி 28 வீதம் குறைஞ்சுது. ஆனா அது ஒரு காலைச் சாப்பாட்டப் பாத்த ஆய்வு, குளிசைக்குப் பதிலா தூள் குடுத்துப் பாத்தது இல்ல. கன காலம் சீனி இருந்த கணையத்தில இன்சுலின் சுரக்கிற செல் குறைஞ்சுபோய் இரிக்கும், எவ்வளவு தூண்டினாலும் இளம் ஆக்கள்ட மாதிரி சுரக்காது.

எனக்குப் பயம் அப்பாட ஹார்ட்ட நினைச்சுத்தான். டப்பாவத் திருப்பி பின் லேபிளப் பாருங்க, ஆர்ஜினைன் எண்ட அமினோ அசிட் போட்டிரிக்கா? 2006ல அமெரிக்காவில ஹார்ட் அட்டாக் வந்த 153 பேர ரெண்டு பிரிவா வச்சு ஆர்ஜினைன் குடுத்து பாத்தாங்க, குடிச்ச பக்கத்தில 6 பேர் மவுத், குடிக்காத பக்கத்தில ஒருத்தருமில்ல, ஆய்வையே இடையில நிப்பாட்டினாங்க. அந்தப் பேர் லேபிள்ல இருந்தா அப்பா அதத் தொடவே கூடாது. அதே லேபிள்ல மோல்டோடெக்ஸ்ட்ரின் இரிக்கா எண்டும் பாருங்க, சீனி சேக்கல்ல எண்டு முன்னுக்கு பெரிசா எழுதியிருந்தாலும் அது குளுக்கோஸ் மாதிரித்தான் சீனிய ஏத்தும். கிட்னியும் பாக்கணும், சீனி வருத்தக்காரர்ல கன பேருக்கு கிட்னி சத்தமில்லாம பழுதாகும், அதுக்கு மேல புரதத்த கொட்டினா சுமை கூடும். கிரியேட்டினினும் யூரின் மைக்ரோஅல்புமினும் கடைசியா எப்ப பாத்ததெண்டு கிளினிக் கொப்பியில தேடுங்க.

அப்பாட சோத்துக் கோப்பையையும் ஒருக்கா பாருங்க. குமிச்ச சோறு, ஓரத்தில ஒரு சின்னத் துண்டு மீன், பேருக்கு ஒரு கரண்டி சுண்டல், அப்படித்தானே? அதத் திருப்புங்க. முதல்ல பொன்னாங்காணிச் சுண்டலும் மீனும் சாப்பிட்டு முடிக்கட்டும், சோறு கடைசியா, அதுவும் குறைச்சு. நியூயோர்க்கில 2015ல இதே மாதிரி மரக்கறியையும் கோழியையும் முன்ன குடுத்து பாணக் கடைசியா குடுத்தப்ப, ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு சீனி கிட்டத்தட்ட 37 வீதம் குறைவா இருந்திச்சு. 100 கிராம் மீன்ல 20 கிராம் அளவு புரதம், ஒரு முட்டையில 6 கிராம், பயறும் பருப்பும் வேற, தம்பி அனுப்பின அமினோ அசிட் எல்லாம் நம்மட வாவி மீன்லயே கிடக்கு. ஆனா ஒண்டு, கிளிக்லசைடு போட்டுட்டு சோத்த திடீரெண்டு ஒரேயடியா குறைச்சா சீனி கீழ விழும், கை நடுக்கமும் வேர்வையும் வந்தா உடன சீனித் தண்ணி குடுங்க, மறுகா கிளினிக்ல சொல்லுங்க, அளவ அவங்க மாத்துவாங்க. லைன்ல நிக்கிறது கஷ்டம்தான், எனக்குத் தெரியும், அதுக்காக அத விட ஒண்ணா.

கேள்வி (அக்கரைப்பற்றில இருந்து ஒரு வாசகர்): அஸ்ஸலாமு அலைக்கும் டொக்டர். வயசு 24, ஜிம்முக்கு போறன், பிசிஏஏ குடிக்கிறன். உம்மாக்கும் வாப்பாக்கும் சீனி. எனக்குப் பிரச்சினை வருமா?

பதில்: வஅலைக்கும் ஸலாம் தம்பி. பிசிஏஏ எண்டா லியூசின், ஐசோலியூசின், வாலின் எண்ட மூணு அமினோ அசிட்டும். ரத்தத்தில இதுகளும் வேற ரெண்டு அமினோ அசிட்டும் கூடுதலா இருந்த ஆக்களுக்கு, சீனி நோர்மலா இருந்தும், பிற்காலத்தில சீனி வருத்தம் கூட வந்ததெண்டு அமெரிக்காவில ஃப்ராமிங்ஹாம் ஆய்வில 2011ல கண்டாங்க, 12 வருசத்துக்கு முன்னமே அந்த அடையாளம் தெரிஞ்சுது. அதுக்காக குடிக்கிற தூளாலதான் வருத்தம் வருதெண்டு சொல்ல ஏலாது, உடம்பு இன்சுலினுக்கு ஒழுங்கா கேக்காட்டியும் இதுகள் ரத்தத்தில தேங்கும். ஆனா மீனும் முட்டையும் பருப்பும் சாப்பிடுற உங்களுக்கு அது தேவையே இல்ல. அந்தக் காசில கொஞ்சத்த எடுத்து வருசத்துக்கு ஒருக்கா வெறுவயித்துச் சீனி பாருங்க, 100 mg/dL இல்லாட்டி அதுக்கு மேல வந்தா ரிப்போட்ட எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போங்க.